'கேட்டுட்டு சொல்லுங்க ப்ரோ!' - பாதி முடிந்த பாட்டை யாருக்கு, எப்படி அனுப்புவது?

2011 நவம்பர் மாதத் தொடக்கம். '3' படத்துக்காக அனிருத் இசையமைத்து தனுஷ் பாடிய ஒரு பாட்டின் முழுமை பெறாத வடிவம் இணையத்தில் கசிந்தது. இனி மூடி வைத்துப் பயனில்லை என்று முடிவெடுத்த படக்குழு, நவம்பர் 16-ம் தேதி, ஸ்டுடியோவில் எடுத்த வீடியோவுடன் பாட்டை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 'ஒய் திஸ் கொலவெறி டி'. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

இந்தக் கதையைச் சொல்லி, 'லீக் ஆனா நல்லதுதானே, ஃப்ரீ விளம்பரம்' என்று பேசுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால், அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு நட்சத்திர நடிகரும் பெரிய இசை நிறுவனமும் இருந்தார்கள். யாருடைய பாட்டு என்ற சந்தேகமே யாருக்கும் வரவில்லை. வேளச்சேரியிலோ காந்திபுரத்திலோ ஒரு சிறிய அறையில், லேப்டாப்பும் ஒற்றை மைக்குமாக, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இசையமைக்கும் ஒருவரின் டெமோ கசிந்தால் கதை இப்படிப் போகாது. அவரை நோக்கி வரும் முதல் கேள்வியே, 'இது உங்க பாட்டுதான்னு என்ன ஆதாரம்?' என்பதாகத்தான் இருக்கும்.

அதற்காக யாருக்குமே அனுப்பாமல் இருந்துவிட முடியுமா? முடியாது. பாட்டு முதல் நாளிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடிய மெட்டை கேசட்டில் பதிந்து, பாடலாசிரியருக்குக் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. டம்மி வரிகளோடு ஒரு ட்ராக், அவசரமாகப் போட்ட ரஃப் மிக்ஸ், கூடவே 'பேஸ் ஜாஸ்தியா இருக்கா?' என்றொரு கேள்வி. ஒரே பாட்டை மூன்று மாதம் திரும்பத் திரும்பக் கேட்டவருக்கு அதன் குறைகள் காதில் விழுவது நின்றுவிடும். முதல் டெமோவின் மீது ஏற்படும் இந்தப் பிடிவாதமான பாசத்துக்கு 'டெமோயிட்டிஸ்' என்று நோய் போலவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் மேற்கத்திய ஒலிப்பதிவாளர்கள். இன்னொருவருடைய காதைக் கடன் வாங்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

சிக்கல் ஆரம்பிப்பதும் அந்தக் கடனில்தான்.

வாட்ஸ்அப்புக்கு முன்பே இருந்த தலைவலி

1967-ல் பாப் டிலனும் அவருடைய இசைக்குழு நண்பர்களும் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து நிறைய பாடல்களைப் பதிந்தார்கள். அவை ஆல்பமாக வெளியிடுவதற்காகப் பதிந்தவை அல்ல. மற்ற பாடகர்கள் யாராவது பாட விரும்பினால் கேட்டுப் பார்க்கட்டும் என்று, அவற்றில் 14 பாடல்கள் பிரதியெடுக்கப்பட்டு அனுப்பப்பட்டன. பிரதிகள் கைமாறின. 1969-ல் 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்று பின்னாளில் பேர் வாங்கிய கள்ள இசைத்தட்டில் அவற்றில் சில இடம்பெற்றிருந்தன. ராக் இசையின் முதல் பெரிய கள்ளத்தட்டு என்று அதைத்தான் சொல்வார்கள். டிலனின் நிறுவனம் அந்தப் பதிவுகளை முறையாக வெளியிட 1975 வரை ஆனது.

அதே 1969 செப்டம்பரில், பீட்டில்ஸ் குழுவின் 'கெட் பேக்' ஆல்பத்தின் முடிவாகாத பிரதி ஒன்று சில அமெரிக்க வானொலி நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்து, ஒலிபரப்பாகியும் விட்டது. 2000-ல் மெட்டாலிகா குழுவின் 'ஐ டிஸப்பியர்' பாட்டின் இறுதியாகாத வடிவம் வானொலியில் ஒலித்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன குழு, 'நாப்ஸ்டர்' என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தின் வாசலில் போய் நின்றது. அந்த வழக்கு இசைத்துறையின் சரித்திரத்தையே திருப்பிப் போட்டது தனிக் கதை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிலன் விஷயத்தில் பூட்டை யாரும் உடைக்கவில்லை. கேட்பதற்காகக் கொடுக்கப்பட்ட பிரதி, கொடுத்த நோக்கத்தைத் தாண்டி நடந்துபோய்விட்டது. இன்றும் பெரும்பாலான கசிவுகளின் அடிப்படை இதுதான்.

ஹேக்கரா, கூட இருந்தவரா?

ஹேக்கர்கள் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2014 டிசம்பரில் மடோனாவின் 'ரெபெல் ஹார்ட்' ஆல்பத்துக்கான 13 டெமோக்கள் வெளியாகின. அவர் பதறிப்போய், சில நாள்களிலேயே 6 பாடல்களை முன்கூட்டியே வெளியிட்டார். இதைச் செய்த இஸ்ரேலியருக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2015-ல் 14 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 2022-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரைச் சேர்ந்த 23 வயது இளைஞர் ஒருவருக்கு 18 மாதச் சிறை. எட் ஷீரன், லில் உசி வெர்ட் ஆகியோரின் வெளியாகாத பாடல்களைக் கலைஞர்களின் கிளவுட் கணக்குகளிலிருந்து திருடி, கிரிப்டோ நாணயத்துக்கு விற்றார் என்பது குற்றம். 89 கலைஞர்களின் 1,263 வெளியாகாத பாடல்கள் அவரிடம் இருந்தன.

ஆனால் 2025-ல் வெளிவந்த எமினெம் விவகாரம் வேறு ரகம். வெளியாகாத பாடல்கள் இணையத் தொடர்பே இல்லாத, கடவுச்சொல் போட்ட ஹார்டு டிஸ்க்குகளில், பெட்டகத்துக்குள் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணைத் தரப்பு சொன்னது. அப்படியும் கசிந்தது. அந்த ஸ்டுடியோவில் 2007 முதல் 2021 வரை வேலை பார்த்த ஒலிப்பொறியாளர் ஒருவர் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. எவ்வளவு கனமான பூட்டாக இருந்தாலும் சாவி யாரோ ஒருவரிடம் இருந்துதானே ஆக வேண்டும்?

புதிய கலைஞரைத் தேடி ஹேக்கர் வரப்போவதில்லை. அவருடைய டெமோவுக்குக் கறுப்புச் சந்தையில் விலையும் கிடையாது. அவருக்கு நேரக்கூடியவை வேறு. கருத்துக் கேட்டு அனுப்பிய ஹூக், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவரின் ரீல்ஸில் ஒலிப்பது. இலவசமாக கீபோர்டு வாசித்துக் கொடுத்த நண்பர், 'அந்தப் பாட்டு என்னுதும்தான்' என்று பிறகு சொல்வது. குறும்படக்காரரிடம் கேட்கக் கொடுத்த ரஃப் மிக்ஸ், அப்படியே படத்தில் இருப்பது. இவற்றில் எல்லாமே திட்டமிட்ட திருட்டும் அல்ல. 'சும்மா அனுப்பினாப்ல, யூஸ் பண்ணிக்கலாம்னு நினைச்சேன்' என்ற பதிலில் சில நேரம் உண்மையும் இருக்கும். அனுப்பியவர் எதுவுமே சொல்லாமல் அனுப்பியிருப்பார்.

முந்திக்கொள்பவருக்கே உரிமையா?

முன்பெல்லாம் திருட்டுப் பதிப்பு என்றால் திருட்டு சிடி. இப்போது யார் வேண்டுமானாலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் செலவில் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் பாட்டு வெளியிடலாம். 2018 டிசம்பரில் பியான்சே, சிசா இருவரின் வெளியாகாத பாடல்கள் 'குயின் கார்ட்டர்', 'சிஸ்டர் சொலானா' என்ற போலிப் பெயர்களில் இந்தத் தளங்களில் ஏறின. அடுத்த ஆண்டு, பிளேபாய் கார்ட்டியின் கசிந்த பாட்டு ஒன்று 'கிட் கார்ட்டி' என்ற போலிக் கணக்கிலிருந்து ஸ்பாட்டிஃபையின் அமெரிக்க வைரல் பட்டியலில் முதலிடம் வரைக்கும் போனது. அவ்வளவு பெரிய கலைஞர்கள் என்பதால் ரசிகர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பேர் தெரியாத ஒருவரின் பாட்டு என்றால் கேட்பதற்கு நாதி இல்லை.

இதைவிட மோசமான ஒரு வழி யூடியூபின் 'கன்டென்ட் ஐடி'. இது ஒலியின் கைரேகை போன்றது. ஒரு பாட்டை யாராவது முதலில் தன்னுடையது என்று பதிந்துவிட்டால், அதே ஒலி வேறு எங்கே வந்தாலும் விளம்பர வருமானம் பதிந்தவருக்குப் போகும். அமெரிக்காவின் அரிசோனாவில் இருவர் 50,000-க்கும் மேற்பட்ட பாடல்களை இப்படித் தங்களுடையதாகக் காட்டி, 2 கோடி டாலருக்கும் மேல் சுருட்டியதாக 2021-ல் வழக்குப் பதிவானது. அவர்களில் ஒருவருக்கு 2023-ல் 70 மாதச் சிறை. ஒரு டெமோவைத் திருடியவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால், உண்மையான கலைஞர் தன் பாட்டை வெளியிடும் நாளில் அவருக்கே 'காப்பிரைட் கிளைம்' வந்து நிற்கும்.

இப்போது ஏ.ஐ. வேறு சேர்ந்திருக்கிறது. தொலைபேசியில் முணுமுணுத்த மெட்டைப் பதிவேற்றினால், அதைச் சுற்றி முழு வாத்தியங்களோடு பாட்டுக் கட்டித்தரும் வசதி சுனோ போன்ற செயலிகளில் இருக்கிறது. அதாவது, 'இது வெறும் ஸ்க்ராட்ச்தானே, இதை வெச்சு என்ன பண்ணப் போறாங்க' என்ற பழைய ஆறுதல் செல்லாது. வாத்தியம் கலக்காத குரல் ட்ராக் மட்டும் கையில் கிடைத்தால் அந்தக் குரலையே நகல் எடுக்கலாம். கலந்த பாட்டிலிருந்து குரலைத் தனியே உருவும் மென்பொருளை 2019-லேயே டீசர் நிறுவனம் இலவசமாக விட்டுவிட்டது. ஆகவே, மிக்ஸ் செய்து அனுப்பினால் முழுப் பாதுகாப்பு என்றும் நம்பிவிடக் கூடாது. குரல் விஷயத்தில் பாடகர் அர்ஜித் சிங் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை விதித்தது. பிரபலத்தின் குரலுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, ட்ராக் பாடிக் கொடுத்துவிட்டுப் போகும் பெயர் தெரியாத பாடகருக்கும் அதே வேகத்தில் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

பாட்டைப் பகிரும் தளங்களின் விதிமுறைகளிலும் ஒரு கண் தேவை. பயனர்களின் ஒலிக்கோப்புகளை ஏ.ஐ. பயிற்சிக்குப் பயன்படுத்த இடமளிக்கும் வாசகம் சவுண்ட்கிளவுட் விதிகளில் 2024-ல் சேர்ந்திருந்தது, 2025 மே மாதம்தான் கலைஞர்கள் கண்ணில் பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் விதியைத் திருத்துவதாகச் சொன்னது. இரண்டே மாதத்தில் வீ-டிரான்ஸ்ஃபரிலும் கிட்டத்தட்ட அதே கதை. எதிர்ப்புக்குப் பிறகு அந்த வாசகம் நீக்கப்பட்டது.

சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

'இன்னும் ரெஜிஸ்டர் பண்ணல, அதனால உரிமை இல்ல' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. 1957-ம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானவுடனே உரிமையும் பிறந்துவிடுகிறது. பாட்டு முடிந்திருக்க வேண்டும், வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. பதிவு என்பது கட்டாயமல்ல. ஆனால் பதிவேடு நீதிமன்றத்தில் முதல் நோக்கில் ஆதாரமாக ஏற்கப்படும். கட்டணமும் பயப்படும் அளவுக்கு இல்லை. இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். வெளியாகாத படைப்பையும் பதியலாம்.

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு என்பது ஒரு பொருள் அல்ல, குறைந்தது மூன்று. மெட்டு இசைப் படைப்பு, அதன் உரிமை இசையமைத்தவருக்கு. வரிகள் இலக்கியப் படைப்பு, அதன் உரிமை எழுதியவருக்கு. மூன்றாவது ஒலிப்பதிவு. இதற்குச் சொந்தக்காரர் 'தயாரிப்பாளர்'. அதாவது, பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். இந்த மூன்றாவதில்தான் நண்பர்கள் மோதிக்கொள்கிறார்கள். ஸ்டுடியோ நண்பருடையது, மைக் அவருடையது, இரவு முழுக்க உட்கார்ந்து பதிந்ததும் அவர்தான், காசு வாங்கவில்லை. அப்படியானால் தயாரிப்பாளர் யார்? அன்றைக்கே இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பாட்டு ஹிட் ஆன பிறகு என்றால் ஐந்து வருட வழக்கு.

ஐந்து வருடம் என்பது மிகையல்ல, குறைவு. 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற பிரபல ஆங்கிலப் பாட்டு 1967-ல் வந்தது. அதில் வரும் ஆர்கன் இசையை உருவாக்கியது தான்தான் என்று ப்ரோகோல் ஹாரம் குழுவின் மேத்யூ ஃபிஷர் கிட்டத்தட்ட 40 ஆண்டு கழித்து வழக்குப் போட்டார். இசையில் அவருக்கு 40 சதவீதப் பங்கு உண்டு என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது, மேல்முறையீடுகளைத் தாண்டி 2009-ல் பிரபுக்கள் அவையில்தான் விவகாரம் முடிவுக்கு வந்தது. பாட்டு உருவாகும் கட்டத்தில் 'மச்சி, இந்த இடத்துல இப்படி வாசிச்சா எப்படி இருக்கும்?' என்று ஒருவர் சேர்த்த நான்கு பார் இசையின் மதிப்பு அது.

அப்படியென்றால் கருத்துச் சொல்பவர்கள் எல்லோரும் பங்குதாரர்களா? இல்லை. 'டெம்போவைக் கொஞ்சம் ஏத்து', 'ரெண்டாவது சரணம் நீளமா இருக்கு' போன்ற யோசனைகளால் யாரும் இசையமைப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால், ஒருவர் புதிதாக ஒரு மெட்டைப் பாடிக் காட்டி, அது பாட்டில் அப்படியே இடம்பிடித்துவிட்டால் நிலைமை வேறு. அந்த நிமிடமே பங்கு பேசி எழுதிவிடுவது நட்புக்கும் நல்லது.

உரிமை இல்லாதது எதற்கு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணி ராகம் யாருக்கும் சொந்தமில்லை. நாலு கார்டு வரிசையும், கானா தாளமும் அப்படித்தான். 'மெட்ரோ ரயில்ல ஒரு பிரேக்அப் பாட்டு' என்ற எண்ணத்துக்கும் காப்புரிமை கிடையாது. வெறும் கருவுக்கு உரிமை இல்லை என்று 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், வேறு ஒரு கதவு இருக்கிறது. நம்பிக்கையின் பேரில், ரகசியம் என்று தெரிந்து பெற்ற ஒன்றை, பெற்றவர் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் கருவைச் சேனலிடம் சொன்ன சன்டியல் நிறுவனத்துக்கு, 2003-ல் மும்பை உயர் நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் பாதுகாப்புக் கொடுத்தது.

இதன் நடைமுறைப் பொருள் ரொம்ப எளிது. பாட்டோடு சேர்த்து ஒரு வாக்கியம் போக வேண்டும். 'சார், இது இன்னும் வெளியாகாத பாட்டு. உங்க கருத்துக்காக மட்டும் அனுப்புறேன், வேற யாருக்கும் அனுப்ப வேண்டாம்.' பெரிய வக்கீல் பாஷை எல்லாம் தேவையில்லை. அந்தச் செய்திக்குப் 'சரிப்பா' என்று ஒரு பதில் வந்துவிட்டால் இன்னும் நல்லது. முன்பின் தெரியாத நிறுவனம், பணம் புழங்கும் இடம் என்றால் மட்டும் முறையான ரகசிய ஒப்பந்தம் கேட்கலாம். பத்து நண்பர்களிடம் ஒப்பந்தம் நீட்டினால் பாட்டைக் கேட்க யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

கேட்பவருக்கும் பயம் உண்டு

புதியவர்கள் அடிக்கடி வருத்தப்படும் ஒன்று: பெரிய இசையமைப்பாளர்களுக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. திமிர் என்று நினைப்பதற்கு முன், எட் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ' வழக்கைப் பார்க்கலாம். தன் பாட்டின் ஒரு பகுதியை ஷீரன் எடுத்துக்கொண்டார் என்று இன்னொரு பாடகர் கூறினார். தன் பாட்டு ஷீரனுக்கு நெருக்கமானவர்கள் வழியாக அவரை எட்டியிருக்கும் என்பது வாதத்தின் முக்கியப் பகுதி. 2022 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஷீரன் தெரிந்தும் நகலெடுக்கவில்லை, தெரியாமலும் நகலெடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஜெயித்தும், அதன் பிறகு தான் பாட்டு எழுதும் அமர்வுகளையெல்லாம் வீடியோ எடுத்து வைப்பதாகச் சொன்னார் ஷீரன்.

முன்பின் தெரியாதவரின் டெமோவைத் திறந்து கேட்பது, ஒரு பிரபலத்துக்கு எதிர்கால வழக்கில் எதிர்த்தரப்பு சாட்சியாக மாறலாம். அதனால்தான் பல நிறுவனங்கள் தாங்கள் கேட்காமல் வரும் பாடல்களைத் திறப்பதே இல்லை. ஆக, எப்போது, எதை, யாருக்கு அனுப்பினோம் என்ற பதிவு அனுப்புபவரை மட்டும் காப்பாற்றுவதல்ல. கேட்பவருக்கும் அதுதான் கவசம். முதலில் 'அனுப்பலாமா?' என்று கேட்டு, சம்மதம் வந்த பிறகு அனுப்புவதில் மரியாதையும் இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது.

எதை அனுப்புவது?

ஒலி என்பது காதுக்குப் போயே ஆக வேண்டும். காதுக்குப் போவதை எல்லாம் இன்னொரு போனை வைத்துப் பதியவும் முடியும். டவுன்லோடைத் தடுப்பது, ஒருமுறை மட்டும் கேட்கும் வாட்ஸ்அப் குரல்செய்தி, கடவுச்சொல் போட்ட லிங்க் எல்லாமே யோசிக்காமல் ஃபார்வர்டு செய்யும் கையைத் தடுக்குமே தவிர, திட்டமிட்டவரைத் தடுக்காது. ஆனால் புதிய கலைஞருக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி அந்த யோசிக்காத கைதான் என்பதால், இவை வீணல்ல.

யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்பதை நிறைய பேர் ரகசியம் என்று நம்புகிறார்கள். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம், யாருக்கும் அனுப்பலாம். 'பிரைவேட்' என்றால் மட்டுமே அழைக்கப்பட்ட கணக்குகளுக்குத் திறக்கும். கூகுள் டிரைவிலும் 'லிங்க் உள்ள எவரும்' என்ற தேர்வுக்கும், குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் திறப்பதற்கும் நிறைய வித்தியாசம். பார்ப்பவர் பதிவிறக்க முடியாதபடி அதில் அணைத்தும் வைக்கலாம். சவுண்ட்கிளவுடின் பிரைவேட் லிங்க்கை வேண்டும்போது மாற்றிவிட்டால் பழைய லிங்க் செத்துவிடும். கருத்து வந்து சேர்ந்ததும் லிங்க்கை மூடுவது ஒரு நிமிட வேலை, ஆனால் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு அனுப்பிய லிங்க் யார் யாருடைய சாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பலருக்கு நினைவே இருக்காது.

லிங்க்கைவிட முக்கியம், அதற்குள் என்ன இருக்கிறது என்பது. கேள்விக்குத் தக்க அளவு அனுப்பினால் போதும். மெட்டு பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பல்லவியும் ஒரு சரணமும், ஒன்றரை நிமிடம், சாதாரண எம்.பி.3 போதும். வரிகளைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் வாத்தியமே வேண்டாம். மிக்ஸ் சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான் முழுப் பாட்டும், சுருக்கப்படாத தரமும் தேவை, அதை விஷயம் தெரிந்த ஓரிருவருக்கு மட்டும் அனுப்பலாம். தனித்தனி ட்ராக்குகளான ஸ்டெம்கள், பாட்டில் வேலை செய்பவரைத் தவிர வேறு யார் கைக்கும் போகத் தேவையே இல்லை. இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. 'எப்படி இருக்கு?' என்று முழுப் பாட்டை அனுப்பினால் 'சூப்பர் ப்ரோ' என்று இரண்டு நெருப்பு எமோஜிதான் வரும். '45-வது விநாடியில் வரும் அந்தத் திருப்பம் உறுத்துதா?' என்று கேட்டால் பதில் பதிலாக வரும்.

யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க, பெரிய நிறுவனங்கள் காதுக்குக் கேட்காத நீர்க்குறியை ஒலிக்குள் வைக்கின்றன. ஒவ்வொரு பெறுநருக்கும் வேறு குறி. கோப்பைச் சுருக்கினாலும் தாங்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கும். இதற்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு பிரதி. ஒருவருக்குப் போகும் பிரதியில் இரண்டாவது சரணத்தில் ஒரு கைத்தட்டல் குறைவு, இன்னொருவருடையதில் அதே இடத்தில் ஒரு ஷேக்கர் கூடுதல். வித்தியாசம் பாட்டின் நடுவில் இருக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள். எந்தப் பிரதி யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹிப்-ஹாப் பீட் தயாரிப்பாளர்கள் இதையே வெளிப்படையாகச் செய்கிறார்கள். விற்காத பீட்டின் மேல் தங்கள் பெயர் சொல்லும் குரலை இடையிடையே ஒட்டிவிடுவார்கள். காசு கொடுத்தவருக்கு மட்டும் குரல் இல்லாத சுத்தமான கோப்பு. திருட்டைத் தடுக்க உதவும் இந்த 'டேக்', காலப்போக்கில் தயாரிப்பாளரின் கையெழுத்தாகி, முடிந்த பாட்டிலும் பெருமையாக ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

ஆதாரம் எங்கே இருக்கிறது?

திருடியவரிடம் இருப்பது ஒரே ஒரு இறுதிக் கோப்பு. உருவாக்கியவரிடம் இருப்பது அதன் வரலாறு. முதல் முணுமுணுப்பு, ப்ராஜெக்ட் ஃபைல், தேதியோடு சேமித்த பதினைந்து வடிவங்கள், தூக்கிப்போட்ட சரணம், வேண்டாம் என்று ஒதுக்கிய ட்ராக்குகள். வழக்கில் ஜெயிக்க வைப்பது இந்தக் குப்பைதான். 'ஃபைனல் முடிஞ்சுது, பழசெல்லாம் டெலீட்' என்று இடம் காலி செய்பவர்கள் தங்கள் சாட்சியையே அழிக்கிறார்கள். முக்கிய வடிவங்களைத் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வதால் பாட்டு பதிவாகிவிடாது, ஆனால் தேதிக்கு மூன்றாம் தரப்புச் சாட்சி ஒன்று கிடைக்கும்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் குறிப்பிட வேண்டும். அசல் கோப்பு இருந்த போனோ லேப்டாப்போ கையில் இருந்தால் வேலை சுலபம்.

கசிந்துவிட்டால்?

ரேடியோஹெட் குழுவின் 1990-களின் ஒத்திகைப் பதிவுகள் 2019-ல் வெளியேறின. வெளியிடாமல் இருக்க 1,50,000 டாலர் கேட்கப்பட்டதாக குழுவின் ஜானி கிரீன்வுட் சொன்னார். குழு பணம் தரவில்லை. சுமார் 18 மணி நேரப் பதிவை 18 பவுண்டு விலையில் தாங்களே 18 நாள்களுக்கு விற்று, வருமானத்தைச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், 2015 ஜனவரியில் ஆல்பம் கசிந்ததும் இரண்டு மாதம் காத்திருக்காமல் சில நாள்களில் வெளியிட்டார். பாட்டு ஏறக்குறைய முடிந்திருந்தால், புதிய கலைஞருக்கும் இது நல்ல வழிதான். தன் பெயரில் அதிகாரபூர்வமான ஒரு பதிப்பு முதலில் இருக்கும்.

பாட்டு முடியவில்லை என்றால், புகார்தான் வழி. கோபத்தில் கமென்ட் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தின் முகவரி, தேதி, கணக்கின் பெயர் எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும். காரணம், கமென்ட்டைப் பார்த்ததும் அவர் அழித்துவிட்டு, வேறு பெயரில் வருவார். இந்தியக் காப்புரிமை விதிகளின்படி, உரிமையாளர் எழுத்துபூர்வமாகப் புகார் தந்தால் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏறியிருந்தால், தளத்துக்கு மட்டுமல்ல, பாட்டை ஏற்றிக்கொடுத்த விநியோக நிறுவனத்துக்கும் புகார் போக வேண்டும். தெரிந்தே செய்த மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டத்தின் 63-வது பிரிவு. வழக்கை எதிராளியின் ஊரில் போய்ப் போட வேண்டியதில்லை, கலைஞர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவும் இயங்குகிறது.

ஒன்றை மட்டும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த 36 மணி நேர விதிப்படி நீக்கப்பட்ட பாட்டு, 21 நாள்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் ஏற்றப்படலாம். அதற்குள் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது, ப்ராஜெக்ட் ஃபோல்டர் இருக்கும் லேப்டாப்பையும், எந்தப் பிரதி யாருக்குப் போனது என்று எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.